அரை அங்குலம்

எட்டுப் படங்கள், ஒரு அட்டைக் குழாயில்.
மீன் வாங்கி வருகிற ஆள் மாதிரி
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார் ஹாஜி மிர்ஸா.
மனாமா, குதைபியாவில் எங்கள் கடை:
முன்னால் கண்ணாடி, பின்னால் ரம்பம்,
நடுவில் நான்.

பழைய கனத்த பேப்பர்.
விரித்துக் கையை எடுத்தால்
எழுப்பாதே என்கிற மாதிரி மறுபடி சுருண்டுகொள்கிறது.
கறுப்பு அடர்ந்த இடங்களில் வெள்ளி மேலேறி
சாய்த்துப் பார்த்தால் நீலமாக மினுங்குகிறது.
பின்பக்கம் ஊதா முத்திரை, மார்ச் 1969.
பென்சிலில் மூன்று வரி:
3–6
7–5
9–7

எனக்கு டென்னிஸ் தெரியாது.
எவ்வளவு வெயில் போனது என்பது மட்டும் தெரிந்தது.
முதல் படத்தில் நடுவரின் உயர நாற்காலிக்குக் கீழே
நிழல் நாய்க்குட்டியாகச் சுருண்டு கிடக்கிறது.
ஏழாவதில் அது கோட்டைத் தாண்டி, வலையைத் தாண்டி,
தோற்கப்போகிறவரின் ஷூவைத் தொட்டுவிட்டது.

தோற்றவர் எண்ணெய்க் கம்பெனியின் சீஃப் இன்ஜினியர்.
ஜெயித்தவன் ஸ்டோர் கிளார்க், கொரைரா, தூத்துக்குடிக்காரன்.
அதுவரை அந்தக் கோப்பை
கிளார்க் குவார்ட்டர்ஸ் பக்கம் எட்டிப் பார்த்ததில்லையாம்.
ஹாஜி பாதி இந்தியில் சொன்னார், பாதி கையால்.
கையால் சொன்ன பாதிதான் எனக்கு விளங்கியது.
உயரத் தூக்கி அடித்த ஒரு பந்துக்கு
அவர் பார்வை கடைக் கூரை வரை போய்
மெல்ல இறங்கியது.

எட்டாவது படம்தான் பெரியது.
கொரைரா வலையைத் தாண்டிக் குதிக்கிறான்,
இரண்டு காலும் அந்தரத்தில்,
சட்டை வெளியே, ஒரு லேஸ் அவிழ்ந்து.
தேக்கு ஃபிரேம், வெள்ளை மவுன்ட்.
நாலு பக்கமும் அரை அங்குலம் படத்தின் மேல் ஏற வேண்டும்.
அரித்த ஓரம் மறையும், பேப்பர் நழுவாது.
இருபத்திரண்டு வருஷமாக அறுக்கிறேன்,
பிளேடு சாய்ந்தே போகும், கை சாயாது.

கண்ணாடி துடைக்கும்போதுதான் உறைத்தது:
எட்டிலும் பந்து இல்லை.
மட்டை ஓங்கியிருக்கிறது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது.
தொப்பியைப் பிடித்தபடி பெண்கள் எல்லோரும்
ஒரே பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.
எதை என்பது மட்டும் எதிலும் விழவில்லை.
கேமராக்காரன் ஒவ்வொரு முறையும்
ஒரு மூச்சு பிந்தியிருக்கிறான்.

வியாழன் இரவு ஹாஜி வந்தார்.
ஏழு படத்துக்கும் தலையாட்டினார்.
எட்டாவதில், இடது கீழ் மூலையில்,
ஒன்றுமே இல்லாத வெள்ளை அட்டை மேல் விரலை வைத்தார்.
‘இதுக்குக் கீழே நான்.’

அவருடைய இந்தி பிசகியது என்று நினைத்தேன்.
கவிழ்த்து, ஆணி பிடுங்கி, டேப் கிழித்து,
மவுன்ட்டைத் தூக்கினால்
அரை அங்குலத்தில் ஒரு கை.
மணிக்கட்டு வரைதான். பையனுடையது.
நகத்தில் எண்ணெய் தெளித்து இறுக்கிய மைதானத்து மண்.
உள்ளங்கையில் பந்து.

ஒரு ஆட்டத்துக்கு நூறு ஃபில்ஸ்,
பந்து பொறுக்கிப் போட.
கடைசிப் பந்து தன்னிடம் உருண்டு வந்ததும் எடுக்க ஓடினாராம்.
படத்தை விட்டு விலகு என்று கத்தினானாம் கேமராக்காரன்.
‘விலகினேன். இவ்வளவுதான் விலக முடியல.’

முதலாளி டீக்குப் போயிருந்தார்.
இரண்டரை தினார் அட்டையைக் கழிவில் எழுதிவிட்டு
வேறு வெட்டினேன்.
இடப்பக்கம் பேப்பரின் விளிம்பு வரை திறந்து,
வலப்பக்கம் ஒரு அங்குலம் ஏற்றி.
தொழில் தெரிந்தவன் பார்த்தால் சிரிப்பான்.
பூச்சி தின்ற ஓரமும் டீக்கறை நிறமும் வெளியே வந்துவிட்டன.
நடுவில் பறந்த கொரைரா
இப்போது ஃபிரேமை விட்டே வெளியே விழப்போகிறான்.

ஹாஜி வெகுநேரம் பார்த்தார்.
பிறகு எட்டு ஃபிரேமுக்கும் சேர்த்து டிஸ்கவுன்ட் கேட்டார்.
கொடுத்தேன்.

கழிவில் எழுதிய அட்டை
மறுவாரம் ஒரு நர்ஸின் சான்றிதழுக்குப் பொருந்தியது.
மூடும் முன் ஒருமுறை
ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.
அச்சகத்தின் பெயர்தான் இருந்தது.