மிதி

கோவோலா ரயில் நிலையத்தின் மாடியில்
முன்பு பார்சல் அடுக்கிவைத்த அறை என்னுடையது.
இரண்டு நாற்காலி, ஒரு மேசை.
கதவை நானாகச் சாத்துவதில்லை;
எவ்வளவு திறந்திருக்கலாம் என்பதை
வருகிறவர்தான் சொல்ல வேண்டும்.
டௌனோ ஒரு சாண் என்றார்.
பிறகு, இல்லை, இரண்டு சாண்.

மூன்று வாரம் நின்றுகொண்டே இருந்தார்.
நானும் நின்றேன்.
இடுப்பு வலித்தது, சொல்லவில்லை.

தண்டவாளம் தெரியும் ஜன்னலுக்கு
அவர் வருமுன்பே திரை தைத்துப் போட்டிருந்தேன்.
"சத்தம் மட்டும் வந்தால்
எந்த வண்டியென்று தேட வேண்டியிருக்கிறது" என்றார்.
நல்லெண்ணத்தில் தைத்த திரை.
கழற்றி மடித்து வைத்தேன்.

பேசியதெல்லாம் எண்கள்.
வேகம் நூற்றுப் பதினேழு.
வண்டி நிற்க எண்ணூறு மீட்டர் வேண்டும்.
அவருக்குக் கிடைத்தது நாற்பது.
அந்த நாற்பதுக்குள் என்ன இருந்தது என்று
நான் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் கேட்பேன்.
படிப்பு முடித்த புதிது, கையில் குறிப்பேடு,
"நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள்."
ஹில்கா என்றொருத்தி
ஒன்றுவிடாமல் சொன்னாள்.
நான் ஒன்றுவிடாமல் எழுதினேன்.
படியிறங்கிப் போனவள்
கையுறையை மறந்துவிட்டாள். சாம்பல் நிறம், வலது கை.
அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்.
பதினாறு வருடமாக
என் இழுப்பறைக்குள் ஒரு கை இருக்கிறது.
பேனா தேடும்போதெல்லாம்
விரலில் தட்டுப்படுகிறது.

நவம்பரில் டௌனோ உட்கார்ந்தார்.
அப்போதுதான் கவனித்தேன்:
மேசைக்கடியில் அவருடைய வலது கால்
அரை நிமிடத்துக்கு ஒருதரம்
தரையை மிதித்தது.

எஞ்சினில் ஒரு மிதி உண்டாம்.
ஓட்டுகிறவர் விழித்திருக்கிறார் என்பதற்கு
மிதித்து மிதித்துச் சாட்சி சொல்ல வேண்டும்.
மறந்தால் முதலில் ஒரு கூவல்,
பிறகு வண்டி தானே நின்றுவிடும்.
பதினோரு மாதமாக எஞ்சின் ஏறாத கால்
சாப்பாட்டு மேசையில், சவுனாப் பலகையில், தூக்கத்தில்
சாட்சி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.
மனைவி லெம்பி கட்டில் நடுவே
ஒரு தலையணை வைக்க ஆரம்பித்தாளாம்.
ஏனென்று அவளும் சொல்லவில்லை,
இவரும் கேட்கவில்லை.

நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வேன்?
யாரையோ காப்பாற்றத்தான் பார்க்கிறது அந்தக் கால்.
"காலுக்குக் குளிர்கிறதா?" என்றேன்.
யோசித்தார். எங்கள் ஊரில் யோசிப்பதென்றால்
ஒரு சரக்கு வண்டி
முழுதாய்க் கடந்துபோகும் நேரம்.
"தெரியவில்லை."
பூட்ஸைக் கழற்றினார்.
கம்பளிக் காலுறையில் குதிகால் ஓட்டை.
ஹீட்டர் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

பிறகு பல வாரம் காலைப் பற்றித்தான் பேச்சு.
எந்த விரல் முதலில் சூடாகிறது,
எது கடைசிவரை நம்புவதில்லை.
மேலதிகாரி தொலைபேசியில் கேட்டார்,
"முன்னேற்றம் உண்டா?"
"சுண்டுவிரல் வரை" என்றேன்.

மார்ச். கூரைப்பனி சொட்டத் தொடங்கிய ஒரு செவ்வாய்.
"தூக்கிவிட்டால் என்ன ஆகும்?"
"எஞ்சினிலா?"
"இங்கே."
"எனக்கும் தெரியாது.
வேண்டுமானால் பார்க்கலாம். வேண்டாமென்றால்
கதவு அங்கேதான் இருக்கிறது."
தூக்கினார்.
நானும் தூக்கினேன்,
ஐம்பத்தெட்டு வயதில்
இரண்டு காலும் அந்தரத்தில்.
அரை நிமிடம். அதற்கும் மேலே கொஞ்சம்.
கூவல் வரவில்லை.
கீழே லஹ்தி வண்டி
எங்களைக் கேட்காமலே கிளம்பிப் போயிற்று.

"மஞ்சள் கோட்டு" என்றார் டௌனோ.
அவ்வளவுதான்.
காலை இறக்கிவிட்டு
இன்றைக்குப் போதும் என்றார்.
போதும்தான்.

பூட்ஸ் ஓசை படியிறங்கி முடிந்ததும்
இழுப்பறையைத் திறந்தேன்.
கையுறையை உதறி
ஹீட்டர்மேல் வைத்தேன்.
ஐந்து விரலும் சூடாக எவ்வளவு நேரமாகும் என்று
நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்திருந்தேன்.