தரை தொடாத கார்

குருநகர் றெஜினோல்ட் வாடகைக்கு விடுகிற டெக்,
ஜெனரேற்றரும் சேர்த்து இரவுக்கு நூற்றைம்பது.
ஐந்து படம்.
நாலாவது ஓடும்போது வீடே பாயில் சரிந்துவிடும்.
நானும் நேசனும் மட்டும் முழித்திருந்தோம்,
ஒரு கறுப்புக் காருக்காக.

இங்கிலிஷ் விளங்கவில்லை. எஞ்சின் விளங்கியது:
எட்டுச் சிலிண்டர், அடித்தொண்டை,
தொண்டைமானாற்றில் மாரிக்கடல் இரைகிற மாதிரி.
பின்னால் பொலிஸ். முன்னால் ஒரு பாலம்,
கப்பலுக்காக இரண்டாகப் பிளந்து எழும்புகிறது.
அவன் பிரேக்கைப் பார்க்கவேயில்லை.

நாலு சில்லும் வெறுங்காற்றில் சுற்ற,
அந்த இடத்தில்
கசற்றை டெக் தின்றிருந்தது.
றெஜினோல்ட் வெட்டி, செலோரேப் ஒட்டியிருந்தான்.
பாய்ந்தது பாய்ந்தபடி.
அடுத்த காட்சியில் கதாநாயகன் கடற்கரையில் நின்று
சிகரெட் பற்றவைக்கிறான்.

இறங்கியிருக்கும் என்றான் நேசன்.
விழுந்திருக்கும் என்றேன் நான்.
பந்தயம் ஒரு சோடா.

பிறகு பெற்றோல் நின்றது.
என் ஏ-ஃபோட்டிக்கு மண்ணெண்ணெய் பழக்கினேன்.
மருந்துப் போத்தலில் ஒளித்த பெற்றோலில் நாலு துளி
காபரேற்றருக்குப் பருக்கினால்
இருமி, புகைத்து, ஒருவழியாய்ச் சம்மதிக்கும்.
தொண்ணூற்றைந்து ஐப்பசி மழையில்
நாவற்குழிப் பாலத்தில் அதை ஓட்டவில்லை, தள்ளினேன்.
பின்சீற்றில் யாரோ ஒரு நிறைமாதப் பெண்.
ஒரு யாழ்ப்பாணமே பாலத்தில் நின்றது.
முன்னாலும் போகேலாது, பின்னாலும் போகேலாது.
நடுவில் நாலு மணித்தியாலம்.
ஏனோ அந்தக் கறுப்புக் கார் ஞாபகம் வந்தது.
அதுவும் இன்னும் இறங்கேல்லை.

போன மாதம் ரவுண் தியேட்டரில் அதே படம்,
புதுசாய் எடுத்தது.
மகள் ரிக்கெற் எடுத்தாள்; ஏசிக் குளிரில் கால் விறைத்தது.
பழைய காரும் வருகிறது, இரண்டு செக்கன்:
கராஜில் படங்கை நீக்கி, தடவி, சிரித்துவிட்டு
புதியதில் ஏறிப் போகிறான்.
அதே பாலம். அதே பாய்ச்சல்.
இது இறங்கியது.
ஏழு கோணத்தில், பூனை மாதிரி,
ஒரு போல்ற்கூடக் கழரவில்லை.
சனம் விசிலடித்தது.
இது பாயவேயில்லை என்று எனக்குத் தெரிந்தது.
பாரமில்லாத ஒன்று எப்படிப் பாயும்?

நேசன் ரொறன்ரோவிலிருந்து எடுத்தான்.
"பழசு முழுசாக் கிடைச்சிட்டுது மச்சான். சோடா நீதான் தரவேணும்.
இறங்குது.
ஆனா மூக்குக் குத்தி, ரேடியேற்றர் சிதறி.
அடுத்த ஷொட்டில பார், கீறலில்லை. அது வேற கார்.
முகத்துக்கு ஒண்டு, ஓட்டத்துக்கு ஒண்டு, பாயிறதுக்கு ஒண்டு.
பாஞ்சது அங்கேயே பழைய இரும்புக்குப் போட்டுது."

சிரிப்பு வந்தது.
எங்கட ஏ-ஃபோட்டிக்கு
பொனற் கோப்பாய்ச் செல்லையாவுடையது,
கியர்ப்பெட்டி ஒரு வானுடையது,
இடக்கதவு மானிப்பாயில் குண்டு விழுந்த வளவில் எடுத்தது.
அங்கே மூன்று கார் ஒன்றாய் வேசம் கட்டியது.
இங்கே ஐந்து செத்து ஒன்று ஓடுகிறது.
ரீமேக் எண்டால் இதெல்லோ.

நேற்றுக் கலியாண ஹயர்.
போட்டோவுக்குப் பழைய கார்தான் வேணுமாம் பிள்ளைகளுக்கு.
நாவற்குழிப் பாலம் வெறிச்சென்று கிடந்தது.
எனக்கு அறுபத்தொன்று, காருக்கு அதைவிடக் கூட.
மிதித்தேன்.
தார் பொருந்துகிற அந்தத் திட்டியில்
மணப்பெண் "ஐயோ அண்ணை" என்றாள்,
மாப்பிள்ளையின் தலைப்பாகை கூரையில் முட்டியது.
இரண்டு சில்லாவது எழும்பியது. மற்றதுக்குச் சத்தியம் செய்யமாட்டேன்.
பின்னால் ஏதோ உருண்டு போகிற சத்தம்.

நிற்பாட்டி, ஹப்கப்பைப் பொறுக்கித் துடைக்கும்போது
சட்டைப்பையில் போன் துடித்தது.
நேசன் அனுப்பியிருக்கிறான்.
மங்கலாய் ஒரு பாலம், நடுவில் கறுப்பாய் ஒரு புள்ளி,
அதன்மேல் கீழ்நோக்கிய சின்ன அம்புக்குறி.

விரலெல்லாம் கிறீஸ்.
தொட்டால் இறங்கும்.