பூசந்தியில் ஒன்றரை மணி நேரம்

கோலோனில் பேருந்து ஏறும்போது
கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது.
ஓதம் ஏறினாலும் ஒரு சாண்தான்.
ஜன்னலோரத்தில் எல்டெமிரா பிரத்வெய்ட்
தூங்கிப்போகிறாள்.
விழிக்கும்போது வேறொரு கடல்.
இங்கே ஓதம் மூன்று ஆள் உயரம் ஏறும்,
இறங்கினால் படகுகள் சேற்றில் குந்தியிருக்கும்.
நடுவே ஒன்றரை மணி நேரம்,
ஒரு சுங்கச்சாவடி, ஓட்டுநரின் அக்கார்டியன் பாட்டு,
யார் மடியிலோ தேங்காய் ரொட்டியின் வாசனை.

ஒரு காலத்தில் இந்த வழியாகத்தான்
கடல் போய்வந்தது.
டிக்கெட் எடுக்காமல், என்பாள் அவள்.

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை பல் பொறுக்குவது.
கடலடியில் துளையிட்டு எடுத்த சேற்றைச்
சல்லடையில் கழுவி
நுண்ணோக்கிக்குக் கீழே பரப்பி
மயிரிழைத் தூரிகையின் நுனியால்
மீன் பற்களைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறாள்.
கடுகில் பாதிகூட இல்லை.
எந்த மீன், எதைத் தின்றது, தெரியாது.
செத்துத் தரையில் விழுந்த பிறகுதான்
பல் குடிக்கத் தொடங்குகிறது,
மேலே கடந்துபோகும் நீரிலிருந்து
நியோடைமியம் என்றொரு உலோகத்தை.
எரிமலைகள் சூழ்ந்த பசிபிக் நீருக்கு ஒரு கணக்கு,
கிழட்டுப் பாறை கரைந்த அட்லாண்டிக் நீருக்கு வேறொன்று.
உயிரோடிருந்தபோது கடித்ததையெல்லாம் மறந்து
செத்தபின் குடித்ததை மட்டும்
பல் சொல்கிறது.

கரீபியன் சேற்றின் ஆழத்தில்
பற்கள் பசிபிக்கின் கணக்கைச் சொல்கின்றன.
மேலே வர வர
பேச்சு மாறுகிறது.
யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.
அறைந்து அல்ல.
ஒருக்களித்து, மீண்டும் கொஞ்சம் திறந்து,
தீவு தீவாக, மேடு மேடாக.
கடைசியில் ஏதோ ஒரு விலங்கு
கால் நனையாமல் கடந்திருக்கிறது.

அது எப்போது என்பதில்தான் சண்டை.
முப்பது லட்சம் ஆண்டு என்பவர் ஒரு மேசையில்,
இல்லை, கோடி தாண்டும் என்பவர் அடுத்த மேசையில்.
இருவருக்கும் உப்புப் புட்டியை நகர்த்துவது
எல்டெமிரா.

கதவு சாத்தியபின் உப்புக்குப் போக்கிடமில்லை.
வியாபாரக் காற்றுக்கு வியாபாரம் தெரியும்:
கரீபியனில் நன்னீரை மட்டும் முகந்து
மலை தாண்டிப் பசிபிக்கில் கொட்டுகிறது.
மிச்சமான உவர் கனத்து
வடக்கே திரும்பி, வெப்பத்தைச் சுமந்து நடந்து
கிரீன்லாந்து அருகே குளிர்ந்து மூழ்குகிறது.
நார்வேயில் எவளோ ஒருத்தி ஜன்னலைத் திறக்கிறாள்.
ஜனவரி. துறைமுகம் உறையவில்லை.
இதற்கு இந்தச் சேறும் ஓரளவு பொறுப்பு என்று
அவளுக்கு யார் சொல்வது?

சென்ற வியாழன் அன்செல்மோ
இரண்டு சொடுக்கு இறால் கொண்டுவந்தான்.
அந்தக் கரையில் ஒன்று, இந்தக் கரையில் ஒன்று.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.
தொட்டியில் எந்த நீரை ஊற்றுவது?
ஆயிரத்துக்கு முப்பத்தாறு உப்பா, முப்பத்து மூன்றா?
கடைசியில் இரண்டையும் கலந்து ஊற்றினார்கள்.
வாளியைக் கவிழ்த்தபோது அவள் கை நின்றது.
கதவு சாத்துமுன் இருந்த கடல்,
ஒரு வாளி அளவு,
கொஞ்சம் குளோரின் வாசனையோடு.

பெண் இறால் பெருங்கொடுக்கைத் தூக்கிச் சொடுக்கியது.
கண்ணாடி அதிர்ந்தது.
விவாகரத்து, என்று சிரித்தான் அன்செல்மோ.
எல்டெமிரா சிரிக்கவில்லை.
அவளுக்குத் தெரிந்த விவாகரத்தில்
எதிரில் நிற்பவரை அடையாளம் தெரியும்.

மாலை பேருந்து நிலையத்தில்
மழை பிடித்துக்கொண்டது.
அவளுக்கு முன்பே அவள் ஊரிலிருந்து
புறப்பட்டு வந்த நீர்.
உதட்டில் விழுந்ததை நக்கிப் பார்த்தாள்.
உப்பில்லை.
கோலோன் பேருந்து வந்தது.
நிற்கத்தான் இடம் இருந்தது.