போன முறை அளவு

பால் மறந்து நாற்பது நாள்.
பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு
'அம்மாவுக்கு ஊசி போட்டுட்டாங்க' என்றேன்.
நம்பினாள் தன்ஷிகா.
குனிந்து ஊதிவிட்டாள், மறுநாளும் ஊதினாள்.
மூன்றாம் நாள் பிஸ்கட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்குத்தான் போக இடமில்லை.

கல்யாணத்துக்கு வாங்கியவை
விலாவில் சிவப்புக் கோடு கிழிக்கின்றன.
பால் கொடுக்க வாங்கியவற்றில்
துணி நிற்கிறது, உள்ளே ஆள் இல்லை.
க்ளிப் இரண்டும் கழன்றபடியே கிடக்கின்றன,
யாரும் வராத டிக்கெட் கவுண்டர் மாதிரி.

மின்வாரியத்தில் கணக்கீட்டாளர் நான்.
அன்னசாகரம், விருபாட்சிபுரம், குமாரசாமிப்பேட்டை.
ஊரில் எல்லா மீட்டரும் ஆண்பிள்ளை உயரம்.
கை தூக்கினால் இடது பட்டை சரியும்.
துப்பட்டாவுக்குள் விரல் விட்டு இழுத்து
அட்டையில் யூனிட்டை எழுதி
அடுத்த வீட்டு நாயைப் பார்த்து நிற்பேன்.
அப்போதும் சரியும்.

வீடு பூட்டியிருந்தால் எங்களுக்கு ஒரு வழி உண்டு.
டோர் லாக் என்று குறித்து
போன முறை வந்ததையே போட்டுவிடுவோம்.

சம்பளத்தன்று
பஸ் ஸ்டாண்டு பின்னால் ஒரு கடை.
'சைஸ்?' என்றார், ஃபேன் சத்தத்துக்கு மேலே.
பக்கத்தில் பள்ளிச் சீருடை வாங்கிக்கொண்டிருந்தவர்
சட்டென்று விட்டத்தைப் பார்த்தார்.
நான் பதில் தேடும் முன்பே
கடைக்காரர் கண் ஒருமுறை இறங்கி ஏறி
'முப்பத்தாறு போடுங்க' என்றது.
தினத்தாளில் சுற்றிக் கொடுத்தார்
ரப்பர் பேண்டு இரண்டு போட்டு, வெடிகுண்டு மாதிரி.
அது அக்குளில் கடித்தது.
மாற்றித் தர மாட்டார்களாம், இந்த ஐட்டம் மட்டும்.

எனக்கு எப்போதும் ஒரே ஒரு நம்பர்தான் இருந்தது.
பத்தாம் வகுப்பில் அம்மா
அரூர் சந்தையில் காய்கறிக்கு நடுவே வாங்கினாள்,
வளர்ற பொண்ணு என்று கொஞ்சம் தள்ளி.
பிறகு ஒருவரும் அளக்கவில்லை.
நானும்.

பென்னாகரம் ரோட்டில் பொண்ணு ஒருத்தி இருக்கா, போ
என்றாள் ஆபீஸில் பர்வீன்.
மாதேஸ்வரி, இருபத்திரண்டு இருக்கும்.
நைட்டிக் கட்டுகளுக்கு நடுவே
ஒரு கண்ணாடி, ஒரு திரை, திரைக்கு இரண்டு ஊக்கு.
'கையைக் கீழ விடுங்கக்கா. மூச்சை இழுக்காதீங்க.'
இழுத்திருக்கிறேன் என்றே தெரியவில்லை எனக்கு.

டேப் முதுகில் சில்லென்று சுற்றியது.
'கீழ ஒரு அளவுக்கா, மேல ஒரு அளவு.
ரெண்டும் சேர்ந்தாத்தான் உங்க சைஸு.'
பதினேழு வருஷம்
பாதிக் கணக்கில் பில் கட்டியிருக்கிறேன்.

'இடது சின்னதா இருக்கு இல்ல?'
கேட்டுவிட்டேன். கண்ணாடியைப் பார்த்துதான் கேட்டேன்.
'எந்தப் பக்கம் அதிகம் குடிச்சா?'
வலது. ஜன்னல் வலதுபுறம்.
ரயில் சத்தம் கேட்டால் விட்டுவிட்டுப் பார்ப்பாள்,
பால் வடியும் வாயோடு,
பிறகு வந்து சேர்வாள்.
'பெரிய பக்கத்துக்கு எடுங்க,
சின்னப் பக்கம் பட்டையைக் குறுக்கிக்கலாம்.
யாருக்குக்கா ரெண்டும் ஒண்ணு?'
சொல்லிக்கொண்டே அடுத்த பெட்டியைத் திறந்தாள்.

மூன்று போட்டேன், கழற்றினேன்.
நான்காவது
உட்கார்ந்தது.
குனியச் சொன்னாள், குனிந்தேன்.
கை தூக்கச் சொன்னாள்.
மீட்டர் இருக்கும் உயரத்துக்குத் தூக்கிவிட்டு
காத்திருந்தேன்.
பட்டை அசையவில்லை.
இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்,
மாதேஸ்வரி சிரிக்கும்வரை.

ஒன்று முந்நூற்று எண்பத்தைந்து. இரண்டு எடுத்தேன்.
கூட்டிப் பார்த்தால் ஒரு வாரப் பெட்ரோல்.
பார்க்கவில்லை.

'ஹூக்கை இப்போ கடைசி வரிசையில மாட்டுங்க.
துவைக்கத் துவைக்க இளகும்,
அப்போ உள்ள வாங்க' என்றாள்.

ராத்திரி தன்ஷிகா தடவிப் பார்த்தாள்.
'க்ளிப் எங்க?'
இல்லை என்றேன்.
உம் என்று சொல்லிவிட்டு
அதன்மேல் தலை வைத்துத் தூங்கினாள்.

இன்னும் இரண்டு வரிசை மிச்சமிருக்கிறது.