பத்தாம் நம்பர் ஸ்பானர்

குவாரி வீதியில் எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
மழை கொண்டுபோனது.
ஆணி வேண்டியவன் ஆணியைப் பார்த்து வருவான் என்று
சைபுத்தீன் முதலாளி விட்டுவிட்டார்.

தை மாதக் கடைசி. காலிமுகத்திடலில் சுதந்திரதின ஒத்திகை.
பதினொரு மணிக்கு மூன்று விமானங்கள் புறக்கோட்டையைக் கடக்கும்.
அவை போனபிறகுதான் சத்தம் வரும்.
றாக்கையில் வாஷர் டப்பாக்கள் கிலுகிலுக்கும்.
லயனல் ஐயா தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார்,
இரண்டங்குல ஆணியின் நிறையை
அரசாங்கம் மாற்றிவிடக் கூடாதென்பதுபோல.

"பழைய சாமான். புதுசு எடுக்க வேணும்,
நாடு எண்டால் வேணும்தானே"
என்பார் லயனல் ஐயா. மகன் விமானப்படையில் சமையல்.
"அந்த எண்ணெயை என்ர ஓட்டோவில ஊத்தினால்
அவிசாவளைக்கு எத்தனை தரம் போகலாம்"
என்பான் பூட்டு வாங்க வந்த றியால்.
முதலாளிக்கு ஒரே கவலை, வற் வரி.
பில் எழுதுகிறவளுக்கு அபிப்பிராயம் கிடையாது.
எழுதி முடித்தபின் உண்டு.

இன்று வந்தவர் சாதாரண உடுப்பில்தான் வந்தார்.
சப்பாத்து மட்டும் கடற்படை.
"நங்கி, பத்தாம் நம்பர் ஸ்பானர், நீளக் கழுத்து."
எதற்கென்று கேட்பது கடை வழக்கம்.
கொஞ்சம் தயங்கி, பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:
வெளிநாடு ஒன்று அன்பளிப்பாய்த் தந்த றேடார்.
நாற்பது மைலில் மீன்பிடி வள்ளமும் தெரியும்.
அறுநூறு பக்கக் கைந்நூல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.
மூடியைக் கழற்றும் ஸ்பானர்தான் இல்லை.
உள்ளே ஒரு ஃபியூஸ் போய்விட்டது.
ஸ்பானருக்கு மூன்று விலைமனு கேட்டிருக்கிறார்களாம்,
தொழினுட்பக் குழு கூட வேண்டும்,
ஏழு மாதம்.

எண்ணூற்றைம்பது ரூபாய்.
சொந்தப் பணப்பையைத் திறந்தார்.
எழுநூற்றைம்பதுக்குக் கேட்டார்.
பில்லில் யாருடைய பெயர் என்றேன்.
"பெயர் வேண்டாம்."
அப்புறம், "நாலு பென் டோர்ச் பற்றரியும்."

பற்றரி.
எனக்குப் பன்னிரண்டு வயது, தாண்டிக்குளம் சாவடி,
அண்ணாவின் கணக்கு மெஷினை முதுகுப்பக்கம் பிரித்து
உள்ளிருந்த ஒன்றே ஒன்றை
மேசையில் நிறுத்தி வைத்தார்கள்.
அது உருளவில்லை. ஞாபகமிருப்பது அதுதான்.
சிப்பாயிடம் யாரோ தட்டச்சிட்டுக் கொடுத்த பட்டியல்:
பற்றரி, சீமெந்து, பசளை.
சோதனைக்கு அண்ணா விரலால் கணக்குப் பார்த்தான்.
சித்தியடைந்தான் என்று சொல்ல ஆசை.
இல்லை.

எதையும் ஆயுதமாய்ப் பார்க்க அரசுக்கு ஒரு கையெழுத்துப் போதும்.
கருவியாய்ப் பார்க்கத்தான் மூன்று விலைமனு.
இதை நான் அவருக்குச் சொல்லவில்லை.
கடை வழக்கப்படி நாலு பற்றரியையும்
குட்டி பல்பில் வைத்துக் காட்டினேன்.
எரிந்தது, எரிந்தது, எரிந்தது,
நாலாவது மங்கல். மாற்றிக் கொடுத்தேன்.
மேலே விமானங்கள் திரும்பின.
அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.
மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, கடை திறக்குமுன் வாசலில் நிற்கிறார்.
ஸ்பானரில் கறுத்த கிறீஸ்.
"சுத்துது நங்கி, பிடிக்குதில்லை."
அன்பளிப்புத் தந்தவர்கள் இன்னும் அங்குலத்தில் அளக்கிறவர்கள்.
எட்டில் மூன்று அங்குலம்.
அரை மில்லிமீற்றர் இடைவெளியில்
ஒரு கடல் முழுக்கக் குருடாய்க் கிடக்கிறது.
அழுக்கான சாமான் திரும்ப எடுப்பதில்லை என்று
சுவரில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது.
எடுத்தேன்.
முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
என் சம்பளத்தில் கழிக்கச் சொன்னேன்.

கொட்டாஞ்சேனை அறையில் இரவு
குழாய் சொட்டும் சத்தம்.
வீட்டுக்காரருக்கு இரண்டு கடிதம் கொடுத்தாயிற்று.
கைப்பையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன்,
கிறீஸைப் பழைய பத்திரிகையில் துடைத்தேன்.
பத்தாம் நம்பர் நட்டு.
கச்சிதமாய்ப் பிடித்தது.
ஒரு கால் சுற்று.
இன்னும் சொட்டுகிறது,
முன்னைப்போல் இல்லை.