அரை விழுக்காடு

ஜூலை மாதம். செகுண்டாவில் புல்நுனி எல்லாம் உறைபனி.
இரவுப் பணிக்குக் கிளம்பும்போது
கம்பளிச் சட்டையிலிருந்து படபடவென்று பொறி பறந்தது.
எங்கள் எம்பலென்ஷ்லேயில் வீட்டுக்கு வீடு
துளையிட்ட தகர டின்னில் நிலக்கரி எரிகிறது.
ஆலை வாசல் சேர்வதற்குள் கைக்குட்டை கறுத்துவிடும்.

அதே கரிதான்
வேலிக்கு அந்தப் பக்கம்
ஆவியாகி, கோபுரங்கள் ஏறி இறங்கி,
என் மேசைக் குடுவைக்கு வரும்போது
இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு திரவம்.
கந்தகம் இல்லை. நாற்றம்கூட இல்லை.
முதல் நாள் அதை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு
ரெய்னெட் ஃபூரி சொன்னாள்:
"இவ்வளவு நல்ல பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது."
சிரித்தோம்.

மூன்றாம் வாரம், சோதனை பம்ப்பின் அடியில்
ஒரு சொட்டு.
துடைத்தோம்.
ஒரு சொட்டு.
மண்ட்லென்கோசி மரையை இறுக்கினான்,
ஸ்பானரைக் கீழே வைத்தான்,
"கோளாறு இரும்பில் இல்லை" என்றான்.

கழற்றினால் உள்ளே ரப்பர் வளையம்.
பதினோரு வருடம் பழைய எரிபொருளில் ஊறி
அதன் அழுக்கைக் குடித்தே கொழுத்திருந்தது.
புதியது வந்து
குடித்ததையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது.
சுத்தம் சோறு போடுமாம்.
இது பட்டினி போட்டது.
வெர்னியரில் வைத்தேன்: மயிரிழை இளைத்திருக்கிறது.
முப்பதாயிரம் அடி உயரத்தில்
மயிரிழை போதும்.

அப்புறம்தான் இந்தச் சின்னச் சீசாக்கள்.
ஒன்று, குழாயில் ஓடும்போது சேரும் மின்னேற்றத்தை
சத்தமில்லாமல் வழியனுப்ப
(என் சட்டைக்கும் ஒரு துளி கேட்டேன், தரவில்லை).
ஒன்று, உலர்ந்து கீச்சிடும் பம்ப்புக்கு வழவழப்பு.
மற்றதெல்லாம் வளையத்துக்கு.
ஒரு கலவை வளையத்தை ஊதவைத்தது,
குளிர்பெட்டியில் கலங்கி அடியில் தங்கிவிட்டது.
இன்னொன்று சுடரில் கரும்புகை கக்கியது;
எங்கள் தெருமுனை ஞாபகம் வந்தது எனக்கு.
பதினேழு தோல்வி. பதினேழுக்கும் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

பதினெட்டாவது, நேற்று ஊற்றியது, அரை விழுக்காடு.
மூடியைத் திறந்தால்
பூவா வாதுமையா என்று சொல்ல முடியாத வாசம்.
வளையத்தை இடுக்கியால் எடுத்தேன். துடைத்தேன். அளந்தேன்.
நம்பாமல் இரண்டாம் முறை அளந்தேன்.
மூன்றாம் முறை ரெய்னெட்டை அளக்கச் சொன்னேன்.
அவள் எண்ணைச் சொல்லவில்லை,
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

படிவத்தில் இதற்கென்று கட்டம் இல்லை.
"மாசு" என்றிருந்த இடத்தில்
0.5 என்று எழுதினேன்,
பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மண்ட்லென்கோசி பம்ப்பின் அடியில் வெள்ளைத்தாள் விரித்து
பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான்.
ஒரு மணி. மூன்று மணி.
ஐந்தரைக்குச் சங்கு ஊதியபோது
குனிந்து பார்த்தேன்.
தாளில் ஒரே ஒரு கறை,
அவன் காப்பிக் கோப்பை வைத்த
வட்டம்.