மூவாயிரம் டோங்

ஹனோயில் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வரும்.
பிப்ரவரி கடைசியில் ஒரு காலை
தரை வியர்த்திருக்கும், நிலைக்கண்ணாடி வியர்த்திருக்கும்,
நேர்காணலுக்கென்று வாங்கி வைத்த செருப்பு
பச்சைப் பூஞ்சை உடுத்தி நிற்கும்.
ஜன்னலைத் திறக்காதே என்பார்கள்,
திறந்தால் இன்னும் வரும்.
மூன்று வாரம் துணி காயாது.
காயாத சட்டையின் வாடையோடுதான்
அந்த நேர்காணலுக்குப் போனேன்.
வேலை கிடைத்தது,
சைகோனில்.

சைகோனில் தண்ணீர் சாக்கடைக்குள்ளிருந்து வரும்.
அக்டோபர் பௌர்ணமிக்கு ஆறு ஏறி
மேகமே இல்லாத மாலையில்
சந்து முழங்கால்வரை நிறையும்.
எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைப் படியேற்றிவிட்டு
பீர் பாட்டிலும் பிளாஸ்டிக் நாற்காலியுமாய்
வெள்ளத்துக்குள்ளேயே உட்காருவார்.
வா, கால் குளிர்ச்சியாய் இருக்கிறது என்பார்.

ஒன்று கசியும், ஒன்று பொங்கும்,
அவ்வளவுதானே வித்தியாசம்
என்கிறான் தொவாய்.
சைகோனில் பிறந்தவன்.
அவனுக்கு எதுவும் அவ்வளவுதான்.

வடக்கில் மூத்த பிள்ளை முதலாவது.
தெற்கில் மூத்த பிள்ளைக்குப் பெயரே 'இரண்டு'.
விமானம் இறங்கிய அன்றே
ஒரு படி கீழே இறக்கிவிட்டார்கள் என்னை,
இரண்டாம் அக்கா, இரண்டாம் அக்கா என்று
கூப்பிட்டுக்கொண்டே
கூடையில் இரண்டு மாம்பழம் கூடுதலாய்ப் போட்டார்கள்.

ஹனோயில் ஃபோ கிண்ணம்
முடிந்த வாக்கியமாய் வரும்.
எதையாவது சேர்த்தால் கடைக்காரர் முகம் வாடும்.
சைகோனில் பாதிதான் அவர்கள் சமைப்பார்கள்.
தழை, முளைப்பயறு, மிளகாய், எலுமிச்சை,
மீதியை நீயே எழுதிக்கொள்.
இனிப்பாய் இருக்கிறதே என்று முதல் வருடம் அழுதேன்.
நிஜமாகவே அழுதேன், சூப்புக்காக.

இப்போது அலுவலகக் கடிதம்:
இரண்டு கிளையில் ஒன்று,
வெள்ளிக்கிழமைக்குள்.

தொவாய் ஒரு தாளின் நடுவில் கோடு கிழித்தான்.
வாடகை. பள்ளிக்கூடம். டிசம்பர் புகைமூட்டம்,
தியெனின் இளைப்பு.
போக்குவரத்துக்கு இரு பக்கமும் ஒரே கெட்ட வார்த்தை.
சைகோன் பக்கத்தின் நன்மைகளில்
'அம்மா அருகில்' என்று எழுதினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தேன்.
பாதி அழித்தான்.
தியென் வந்து, குளிர்கால கோட்டு எந்தப் பக்கம் என்றாள்.
அவளிடம் கோட்டு கிடையாது.
அதனால் ஹனோய் என்றாள்.

நான் சொல்லாத ஒன்று உண்டு, அந்தத் தாளிலும் இல்லாதது.

சைகோனில் ஐஸ் தேநீருக்குக் காசு இல்லை.
உட்கார்ந்ததும் வைப்பார்கள், குறையக் குறைய ஊற்றுவார்கள்.
எவ்வளவு என்று நான் கேட்டுக் கேட்டு
தெருமுனைக் கடைக்காரிக்கு அது தினசரி வேடிக்கை.
எந்த வருடம் கேட்பதை நிறுத்தினேன் என்று தெரியாது.

போன மாதம் ஹனோயில்,
நான் படித்த பள்ளிக்கு எதிரே,
குட்டை முக்காலியில் உட்கார்ந்து
ஒரு கிளாஸ் குடித்துவிட்டு எழுந்து நடந்தேன்.
பத்தடி போயிருப்பேன்.
"ஏம்மா, மூவாயிரம்!"

கடை முழுக்கத் திரும்பியது.
சூரியகாந்தி விதை கொறித்த வாய்கள் நின்றன.
ஐயாயிரம் நீட்டினேன்.
தெற்கிலிருந்தா என்று கேட்டாள்,
என் அம்மாவின் அதே உச்சரிப்பில்.
இதே தெருதான் என்றேன்,
அதே உச்சரிப்பில்.
என் வாயைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.
பிறகு மீதி இரண்டாயிரத்தை
வெளியூர்க்காரர்களுக்குத் தருவதுபோல்
எண்ணிக் காட்டிவிட்டுத் தந்தாள்.

இன்று புதன். பௌர்ணமி.
சந்தில் முதல் குமிழி வந்துவிட்டது.
தொவாய் ஸ்கூட்டரைப் படியேற்றுகிறான்,
கீழிருந்து கத்துகிறான்:
அந்தத் தாளை மேலே எங்கேயாவது வை!

அலமாரி உச்சியில் வைத்தேன்,
நேர்காணல் செருப்புக்குப் பக்கத்தில்.
பதினோரு வருடமாய் அங்கே
காய்ந்துகொண்டிருக்கிறது அது.